நெல்லுக் கொள்வனவுப் படத்தில் நிறம் எங்கே தேவை?

கிளிநொச்சி மாவட்டத்தில் கமக்காரர் கூட்டுறவு அமைப்பு ஒன்றின் அலுவலகத்தில் பணியாற்றும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: கமக்காரர் நெல்லைக் கொண்டுவந்து இறக்குவதிலிருந்து அவருடைய வங்கிக் கணக்கில் பணம் சேரும் வரையுள்ள வேலைகளைச் செயல்முறை வரைபடமாக வரைந்து, விளங்க இலகுவாக இருக்கட்டும் என்று 9 நிறங்கள் தீட்டி நிர்வாகக் குழுவின் முன் வைத்தோம்; படம் வடிவாக இருக்கிறது என்றார்கள், ஆனால் பணம் கொடுப்பது எங்கே தாமதமாகிறது என்று கேட்டபோது ஒருவராலும் விரலை வைத்துக் காட்ட முடியவில்லை; நிறங்களை எப்படி மாற்றினால் படம் விளங்கும்? படத்தையும் அவர் விவரித்திருக்கிறார். கமக்காரர், கொள்வனவு நிலையம், களஞ்சியம், கணக்குக் கிளை, முகாமையாளர் என 5 தடங்கள் (யாருடைய வேலை என்று பிரித்துக் காட்டும் நீண்ட பட்டைகள்), ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பின்னணி நிறம். அவற்றின் மேல் 23 பெட்டிகள், அவற்றுள் கையால் செய்யும் வேலைக்கு மஞ்சள், கணினியில் செய்யும் வேலைக்கு நீலம், சிக்கலான இடத்துக்குச் சிவப்பு, சீராக நடக்கும் இடத்துக்குப் பச்சை.

நிறங்களை மாற்றுவதற்கு முன்னர் அவற்றை முழுவதுமாக எடுத்துவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஒரு வரைபடத்தில் நிறம் ஒரேயொரு கேள்விக்குத்தான் விடை சொல்ல முடியும். உங்கள் படத்திலோ அது மூன்று கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் விடை சொல்ல முயல்கிறது: வேலையை யார் செய்கிறார், எதைக் கொண்டு செய்கிறார், அது எப்படிப் போகிறது. கொள்வனவு நிலையத்தில் கையால் எழுதும் பற்றுச்சீட்டு தாமதத்துக்கும் காரணமாக இருந்தால் அந்தப் பெட்டி மஞ்சளா, சிவப்பா? வரைந்தவர் ஏதோ ஒன்றைத் தெரிவுசெய்திருப்பார். ஆனால் பார்ப்பவருக்கு அந்தத் தெரிவு தெரியாது. சிவப்பாகத் தீட்டினால் அது கையால் செய்யும் வேலை என்ற செய்தி மறைகிறது, மஞ்சளாக விட்டால் சிக்கல் மறைகிறது. குழுவினர் விரல் வைக்க இடம் தேடித் தடுமாறியதற்குக் காரணம் அவர்களுடைய கண்ணில் இல்லை.

இந்த மூன்று கேள்விகளில் முதல் இரண்டுக்கும் நிறமில்லாமலே விடை படத்தில் இருக்கிறது. யார் செய்கிறார் என்பதைத் தடம் சொல்கிறது. கணக்குக் கிளையின் தடத்துக்குள் இருக்கும் பெட்டி கணக்குக் கிளையின் வேலை என்பதற்குப் பின்னணி நிறம் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை. எதைக் கொண்டு செய்கிறார் என்பதற்கு, செயல்முறை வரைபடங்களுக்கென்றே வகுத்த பி.பி.எம்.என். குறியீட்டு முறையில் பெட்டியின் மூலையில் இடும் சிறு அடையாளங்கள் உள்ளன: கையால் செய்யும் வேலைக்குக் கை, ஒருவர் கணினியில் இருந்து செய்யும் வேலைக்கு மனித உருவம், இயந்திரம் தானாகச் செய்யும் வேலைக்குப் பற்சக்கரம். 2004 இல் முதலாவது பதிப்பு வெளிவந்து, 2011 இல் இரண்டாவது பெரும் பதிப்பாக விரிந்து, 2013 இல் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்ட அந்த முறை, நிறத்துக்கென்று எந்தப் பொருளையும் நிர்ணயிக்கவில்லை. வரைபவர் விரும்பினால் நிறம் தீட்டலாம், அதற்குத் தாமே பொருளும் கொடுக்கலாம் என்று இடம்விட்டிருக்கிறது. கொடுக்கும் பொருளை அவரே படத்தில் எழுதியும் வைக்க வேண்டும் என்பது அதிலிருந்து தானாக வருகிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதே குறியீட்டு முறையில் கறுப்பும் வெள்ளையும் ஏற்கெனவே பொருள் தாங்கி நிற்கின்றன. நிகழ்வைக் குறிக்கும் ஒரு வட்டத்துக்குள் உள்ள கடித உறை உள்ளே நிரப்பப்பட்டிருந்தால் செய்தி அனுப்பப்படுகிறது, வெறும் கோடாக இருந்தால் செய்தி பெறப்படுகிறது. வட்டத்தின் கோடு மெல்லிதாயின் தொடக்கம், இரட்டையாயின் இடைநிலை, தடிப்பாயின் முடிவு. இந்த வட்டங்களுக்குக் கடும் நிறம் தீட்டினால் நிரப்பிய உறையும் நிரப்பாத உறையும் ஒன்றுபோலாகிவிடும். ஆகவே நிறத்தைப் பெட்டிகளோடும் அம்புக்குறிகளோடும் நிறுத்திக்கொண்டு வட்டங்களையும், வழி பிரியும் இடத்தைக் காட்டும் சாய்சதுரங்களையும் வெள்ளையாகவே விடுவது எனது வழமை.

மிஞ்சுவது மூன்றாவது கேள்வி. அதுதான் உங்கள் குழுவினர் கேட்ட கேள்வியும். எனவே நிறம் முழுவதையும் அதற்கே ஒதுக்குங்கள். ஆனால் "சிக்கல்", "சீர்" என்ற இரண்டு சொற்கள் அதற்குப் போதா. எது சிக்கல் என்பதை வரைந்தவருடைய மனம் தீர்மானித்திருக்கிறது; பார்ப்பவர்களில் கணக்குக் கிளைக்காரர் அதை ஏற்கமாட்டார், கொள்வனவு நிலையத்துக்காரரும் ஏற்கமாட்டார், கூட்டம் நிறத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் முடியும். தாமதம் என்றால் நாட்கணக்கு. அதை எண்ணலாம். கடந்த காலபோகத்தின் கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளில் தேடித் தெரிவுசெய்யாமல் ஏதாவது 30 ஐ எடுத்து, ஒவ்வொன்றும் எழுதப்பட்ட திகதி, கணக்குக் கிளைக்குக் கிடைத்த திகதி, முகாமையாளர் ஒப்பமிட்ட திகதி, வங்கிக்குப் போன திகதி ஆகியவற்றை ஒரு தாளில் நிரல்படுத்துங்கள். ஒவ்வோர் இடைவெளிக்கும் 30 எண்கள் கிடைக்கும். அவற்றின் சராசரியை எடுக்காமல் இடையத்தை, அதாவது சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கும்போது நடுவில் நிற்கும் அளவை, எடுங்கள். ஏதோவொரு சீட்டு தொலைந்து 2 மாதம் கிடந்திருந்தால் அந்த ஒன்றே சராசரியைத் தூக்கிவிடும், இடையத்தை அசைக்காது.

இப்படி எண்ணிப் பார்க்கும்போது நேரம் பெட்டிகளுக்குள் செல்வது மிகக் குறைவு என்பதையும் காண்பீர்கள். ஒரு சீட்டைச் சரிபார்க்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். அது மேசையில் தன் முறைக்காகக் காத்துக் கிடப்பதே நாட்கணக்கில் போகிறது. வரைபடத்தில் அந்தக் காத்திருப்பு இருக்கும் இடம் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையிலுள்ள அம்புக்குறி. நாம் எல்லோரும் பெட்டிகளுக்கே நிறம் தீட்டிப் பழகியவர்கள், மென்பொருளும் அதையே இலகுவாக்கி வைத்திருக்கிறது. ஆனால் தாமதத்தைக் காட்டும் படத்தில் நிறம் பெற வேண்டியது அம்புக்குறிதான். அதன் கோட்டைத் தடிப்பாக்கி, நிறம் கொடுத்து, பக்கத்தில் "4 நாள்" என்று எழுதியும் விடுங்கள். அலுவலகத்தில் யாரும் தம் வேலையைக் குறைசொல்வதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது இதிலுள்ள இன்னொரு நன்மை. பெட்டி ஒருவருடைய தடத்துக்குள் இருக்கிறது, அம்புக்குறியோ பெரும்பாலும் இரண்டு தடங்களைக் கடக்கிறது.

எந்த நிறம் என்பதற்கு வருவோம். நாட்கணக்கு என்பது குறைவு, நடுத்தரம், கூட என்று வரிசைப்படும் அளவு. நிறங்களுக்கு இடையே அத்தகைய வரிசை கண்ணுக்குத் தெரிவதில்லை. நீலத்தைவிட மஞ்சள் கூடவா குறைவா என்று யாரிடமும் கேட்க முடியாது. பிரான்ஸ் நாட்டு வரைபடவியலாளர் ஜாக் பெர்த்தேன் 1967 இல் இதைத் தெளிவாக வகுத்துக் காட்டினார்: வகைகளைப் பிரித்துக் காட்ட வெவ்வேறு நிறங்கள் உதவும், அளவின் வரிசையைக் காட்ட ஒரே நிறத்தின் இளமையும் கடுமையும்தான் உதவும். அதன்படி உங்கள் படத்துக்கு ஒரேயொரு நிறம், செம்மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம், போதும். அன்றே நகர்ந்தால் நிறமில்லாத சாதாரணக் கோடு. 1 இலிருந்து 3 நாள் வரை இளஞ்செம்மஞ்சள். அதற்கு மேல் கடுஞ்செம்மஞ்சள். மூன்று படிகளுக்கு மேல் போக வேண்டாம். ஐந்து சாயல்களை அடுத்தடுத்து வைத்தால் கண் பிரித்தறியும், ஆனால் படத்தின் இரு மூலைகளில் தனித்தனியே இருக்கும்போது இது மூன்றாவது சாயலா நான்காவதா என்று சொல்வது கடினம்.

சிவப்பையும் பச்சையையும் விட்டுச் செம்மஞ்சளைச் சொன்னதற்குக் காரணங்கள் உள்ளன. முதலாவது நமது மண்ணோடும் தொழிலோடும் தொடர்புள்ளது. நிறங்கள் வெறுமையாக நம்மிடம் வருவதில்லை. முகமாலைப் பக்கத்தில் வெள்ளை மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளையும், கண்ணிவெடி அகற்றுவோர் நாட்டிய சிவப்புத் தடிகளையும் வருடக்கணக்கில் பார்த்தவர்களுக்குச் சிவப்பு என்றால் அதற்கப்பால் கால்வைக்கக் கூடாது என்பதுதான். நான்கு நாள் தாமதத்தைக் காட்ட அவ்வளவு பெரிய எச்சரிக்கை தேவையில்லை. பச்சையின் நிலைமை இன்னும் சிக்கலானது. நெல்லுத் தொழிலில் பச்சை நெல் என்றால் காயாத நெல். அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே வரும் நெல்லின் ஈரப்பதன் 20 சதவீதத்தைத் தாண்டியிருப்பது வழமை, களஞ்சியத்தில் வைக்க அது 14 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஆகவே கொள்வனவு நிலையத்தில் பச்சை என்ற சொல் திருப்பி அனுப்பப்படுவதற்கான காரணம். நீங்கள் அதையே "சீர்" என்பதற்குத் தீட்டியிருக்கிறீர்கள். ஆலைக்குப் போனால் பச்சையரிசி அவிக்காத அரிசி, சிவப்பரிசி ஓர் இனம், சிவப்புப் பச்சை என்று ஒன்று சந்தையில் விலைபோகிறது. இவ்வளவையும் தினமும் பேசும் ஒருவர் முன் சிவப்புப் பெட்டியையும் பச்சைப் பெட்டியையும் வைத்தால் அவருடைய மனம் முதலில் எங்கே போகும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சொல்லும் நிறமும் சேர்ந்து ஏமாற்றும் இடமும் உங்கள் படத்தில் ஒன்று இருக்கிறது. தராசுப் பெட்டிக்கு "நிறுத்தல்" என்று பெயரிட்டு, அங்கே வரிசை நீள்வதால் சிவப்பும் தீட்டியிருக்கிறீர்கள். நிறுப்பதும் நிறுத்தல்தான், நிற்கச்செய்வதும் நிறுத்தல்தான். சிவப்பு சேர்ந்தவுடன் வாசிப்பவர் இரண்டாவது பொருளையே எடுப்பார். "நிறை பார்த்தல்" என்று மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது காரணம் போட்டோக் கொப்பி. மாவட்ட அலுவலகங்களிலும் சங்கங்களிலும் ஒரு படம் பலருடைய கைக்குப் போவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பிரதியாகத்தான். நிறம் சாம்பலாக மாறும்போது என்ன நடக்கிறது என்பதைக் கணக்காகவே சொல்லலாம். கணினித் திரையில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றின் கலவை. ஒவ்வொன்றும் 0 இலிருந்து 255 வரை. சாம்பலாக மாற்றும் வழமையான கணக்கில் சிவப்புக்கு ஏறத்தாழ 30 சதவீதமும் பச்சைக்கு 59 சதவீதமும் நீலத்துக்கு 11 சதவீதமும் கொடுக்கப்படும். அந்தக் கணக்கின்படி 255 அளவுள்ள தூய சிவப்பு 76 என்ற சாம்பலாகிறது. மென்பொருட்களில் சாதாரணப் பச்சையாகக் கிடைக்கும், 128 அளவுள்ள பச்சை, 75 என்ற சாம்பலாகிறது. கறுப்பு 0, வெள்ளை 255 என்ற நீண்ட அளவுகோலில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரேயொரு படி. அதாவது "சிக்கல்" என்பதும் "சீர்" என்பதும் பிரதியில் ஒரே சாம்பல். தூய மஞ்சள் 226, ஏறத்தாழ வெள்ளை. தூய நீலம் 29, ஏறத்தாழக் கறுப்பு, அதன் மேல் எழுதிய கறுப்பு எழுத்து மறைந்துவிடும். ஒரே நிறத்தின் இளம் சாயலும் கடும் சாயலும் மட்டும் எந்தப் பிரதி இயந்திரத்திலும் இளம் சாம்பலாகவும் கடும் சாம்பலாகவும் வந்து சேரும், வரிசை குலையாது.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்ததாகச் சொன்னால் பொய்யாகும். சில வருடங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு பால் சேகரிப்பு அமைப்புக்காக, ஏற்பது பச்சை, மறுப்பது சிவப்பு என்று நானே ஒரு படம் வரைந்து மின்னஞ்சலில் அனுப்பினேன். கூட்டத்தன்று போய்ப் பார்த்தால் எல்லோர் கையிலும் சாம்பல் நிறப் பிரதி. பின் வரிசையில் இருந்த அம்மா ஒருவர் தாளைத் தூக்கிக் காட்டி, "இதிலை எந்தச் சாம்பல் பாலை எடுக்கிற சாம்பல், எந்தச் சாம்பல் திருப்பி அனுப்புற சாம்பல்?" என்று கேட்டார். அன்று முழுவதும் பேனையால் குறியிட்டுக்கொண்டுதான் கூட்டத்தை நடத்தினேன்.

மூன்றாவது காரணம் நிறக்குருடு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இடர்ப்படுவோர் ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம், பெண்களில் அரைச் சதவீதம். ஆசியாவில் செய்த கணிப்புகள் பொதுவாக இதைவிடக் குறைந்த வீதத்தையே காட்டுகின்றன என்றாலும், 30 ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியே, தாய் ஊடாக, வருவதால் தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கும் இருக்கலாம். பலர் தமக்கு அது இருப்பதை அறியாமலே வயதாகிவிடுகிறார்கள், கூட்டத்தில் எழுந்து சொல்லப்போவதுமில்லை. யப்பானிய ஆய்வாளர்கள் மசத்தக்கா ஒக்காபேயும் கேய் இத்தோவும் இவர்களும் பிரித்தறியக்கூடிய 8 நிறங்களின் தொகுதி ஒன்றை வகுத்திருக்கிறார்கள். கறுப்பு, செம்மஞ்சள், வானீலம், நீலம் சாய்ந்த பச்சை, மஞ்சள், நீலம், செங்காவி, செந்நாவல் என்பவை அதில் உள்ளன. எப்போதாவது வகைகளைப் பிரித்துக் காட்டும் தேவை வந்தால் அதிலிருந்து நீலத்தையும் செம்மஞ்சளையும் சோடியாக எடுப்பது பாதுகாப்பானது. ஆனால் எந்தத் தொகுதியை எடுத்தாலும், நிறம் மட்டுமே சொல்லும் செய்தி என்று ஒன்றும் படத்தில் இருக்கக் கூடாது; பார்வைக் குறைபாடு போன்றவை உள்ளவர்களும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களுக்கு வகுத்த அணுகல் விதிமுறைகளிலும் இது ஒரு விதி. அம்புக்குறியைத் தடிப்பாக்கி நாட்கணக்கை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். அந்த விதிமுறைகள் சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5 இற்கு 1 என்ற வெளிச்ச வேறுபாட்டைக் கேட்கின்றன. தமிழுக்கு அதைவிடக் கூடவே வேண்டும் என்பது என் எண்ணம். கடும் நிறப் பெட்டியில் சிறிதாக எழுதிப் பிரதியெடுத்தால் முதலில் காணாமற்போவது புள்ளி. அடுத்தது ன, ண, ள ஆகியவற்றின் சுழி வேறுபாடு. ஆங்கிலப் பெட்டிகளுக்காக வகுத்த சிறிய எழுத்தளவை அப்படியே தமிழுக்கு எடுக்க வேண்டாம். பெட்டியை வெள்ளையாக விட்டு, எழுத்தைக் கறுப்பாக விட்டால் இந்தத் தொல்லை எழாது.

தடங்களின் பின்னணி நிறத்தை எடுத்துவிட்டால் படம் வெறிச்சென்று இருக்கும் என்று குழுவினர் சிலர் சொல்லக்கூடும். 23 பெட்டிகளும் வெள்ளையாக இருக்கும்போதுதான் இரண்டு கடுஞ்செம்மஞ்சள் அம்புக்குறிகள் வாசலிலிருந்தே கண்ணில் படும். அழகுக்காக ஏதாவது வேண்டுமென்றால் தடத்தின் பெயர் எழுதும் ஓரப் பட்டையை மட்டும் இளஞ்சாம்பலாக்கலாம்.

வேறு கேள்விகளும் பின்னர் வரும். அடுத்த போகத்துக்கு நடைமுறையை மாற்ற முடிவெடுத்தால், எது புதிது, எது பழையது என்று காட்டும் படம் வேண்டும்; கணக்காய்வாளர் வந்தால், எங்கே இரண்டாவது ஆள் சரிபார்க்கிறார் என்று காட்டும் படம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதே வெள்ளைப் படத்தின் புதிய பிரதியை எடுத்து, அந்தக் கேள்விக்கு மட்டும் நிறம் தீட்டி, தலைப்பிலேயே அந்தக் கேள்வியை எழுதுங்கள்: இப்போதைய படத்துக்கு "பணம் எங்கே காத்திருக்கிறது?" என்பதுபோல. நிற விளக்கக் குறிப்பைப் படத்தின் வலது மேல் மூலையில், தனிப் பக்கத்தில் அல்லாமல் அதே தாளில், நாட்கணக்கு எடுக்கப்பட்ட போகத்தின் பெயரோடு இடுங்கள். காலபோகத்தின் நிறம் சிறுபோகத்துக்குப் பொருந்தும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

கடைசியாக மென்பொருள். கமுண்டா மொடலர் போன்ற இலவசக் கருவியில் பெட்டியையோ அம்புக்குறியையோ தெரிவுசெய்தால் ஒரு சில நிறங்களே கிடைக்கும். நமது தேவைக்கு அந்தச் சிக்கனம் நல்லதுதான், ஆனால் இரண்டு சாயல்கள் கிடைக்காவிட்டால் தடிப்பையும் எழுத்தையும் நம்ப வேண்டியிருக்கும் அல்லது டிரோ.ஐ.ஓ. போன்ற பொதுவான வரைதற் கருவியில் தீட்ட வேண்டியிருக்கும். பி.பி.எம்.என். கோப்பில் நிறம் மூல நியமத்துக்குப் புறம்பான ஒரு சேர்க்கையாகச் சேமிக்கப்படுவதால், ஒரு கருவியில் தீட்டிய நிறம் இன்னொரு கருவியில் திறக்கும்போது காணாமற்போகலாம். குழுவினருக்கு அனுப்புவதைப் பி.டி.எஃப். ஆகவே அனுப்புங்கள், அனுப்புவதற்கு முன் உங்கள் அலுவலகப் பிரதி இயந்திரத்திலேயே ஒரு பிரதி எடுத்து, படத்தை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, பணம் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவர் விளக்கக் குறிப்பைத் தேடுவதற்கு முன்னரே விரலை வைத்தால் கூட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.